மருந்து தெளிக்கும் விமானத்தில் இன்ஜின் நின்றால்: பத்து விநாடிக் கணக்கு

பாலக்கோடு வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சில மாதங்களாக, பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களின் விபத்து விசாரணை அறிக்கைகளைப் பொழுதுபோக்காகப் படித்து வருகிறேன். (பேரன் இதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை.) அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் வெளியிட்ட சிறப்பு அறிக்கையின்படி, 2013 என்ற ஒரே ஆண்டில் வேளாண் விமானப் பணி தொடர்பாக 78 விபத்துகள் நடந்திருக்கின்றன. மின்கம்பியில் மோதுவது ஒரு பெரிய காரணம் என்பது எளிதில் விளங்குகிறது. எனக்கு விளங்காதது, இன்ஜின் நின்று நேரும் விபத்துகள்தாம். பயிற்சி விமானத்தில் இன்ஜின் நின்றால் ஏதோ ஒரு வயலில் இறங்கி, விமானி நடந்து வீட்டுக்குப் போகிறார் என்று படிக்கிறோம். மருந்து விமானமோ எப்போதும் வயலுக்கு மேலேதான் பறக்கிறது. இறங்க இடம் காலடியிலேயே இருக்கும்போது, அதே கோளாறு ஏன் இவ்வளவு அடிக்கடி நொறுங்கலில் முடிகிறது?

நானே ஒரு கணக்குப் போட்டேன். விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பயிருக்கு மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் போகிறது என்று கொள்வோம். இன்ஜின் நின்றதும் விமானி மூக்கை உயர்த்தி, வேகத்தை உயரமாக மாற்றிக்கொள்ளலாம். வேகம் 130 கிலோமீட்டராகக் குறையும் வரை ஏறினால், இயக்க ஆற்றல் நிலையாற்றலாக மாறும் கணக்குப்படி ஏறத்தாழ 90 மீட்டர் உயரம் கிடைக்க வேண்டும். அது குறைவான உயரம் அன்று. பிறகு ஏன்?

மத்திகிரிக்காரர்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் விமானப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெங்களூரிலும் பின்னர் ஓசூர்ப் பக்கமும் வேலை பார்த்தவன். நம் மாவட்டத்துப் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று இருப்பதும், அங்கே இத்தாலிய வடிவமைப்பான பார்ட்டனேவியா என்ற இரட்டை இன்ஜின் சிறு விமானம் தயாரிக்கப்பட்டதும் இங்குள்ள சிலருக்குத் தெரிந்திருக்கலாம். மருந்து விமானம் பெரும்பாலும் ஒற்றை இன்ஜின். ஐயாவின் கேள்விக்கான விடை முதலில் அங்கேதான் தொடங்குகிறது. உதவிக்கு இன்னோர் இன்ஜின் கிடையாது.

உங்கள் கணக்கில் தவறு இல்லை. ஆனால் அது காற்று இல்லாத உலகத்துக் கணக்கு. நின்றுபோன இன்ஜினின் விசிறி காற்றில் சுழன்றுகொண்டு பெரிய தடையாக நிற்கிறது. இறக்கைக்குக் கீழே தெளிப்புக் குழாய்களும் முனைகளும் வரிசையாகத் தொங்குகின்றன. என்ன நடந்தது என்பதை விமானி உணர ஓரிரு விநாடி போய்விடும். 200 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 110 மீட்டர் தூரம். ஆகவே 90 மீட்டரில் 50 மீட்டர் கிடைத்தால் நல்ல கைப்பழக்கம் உள்ள விமானி என்பேன். அங்கிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கினால் பத்து விநாடி. முன்னோக்கிப் போகும் தூரம் ஏறத்தாழ 360 மீட்டர். இதற்குள் தொட்டியைத் திறந்து மருந்தைக் கொட்ட வேண்டும், இடம் பார்க்க வேண்டும், கம்பிகளைத் தவிர்க்க வேண்டும், விமானத்தை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பயிற்சி விமானம் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும்போது இதே வேலைக்கு மூன்று நான்கு நிமிடம் கிடைக்கும்.

தேன்கனிக்கோட்டை

நண்பர்கள் இருவரும் விமானி என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறீர்கள். இன்ஜின் ஏன் நிற்க வேண்டும் என்பதல்லவா முதற்கேள்வி? பிஸ்டனுக்குப் பதில் சுழலும் இதழ்களால் ஓடும் டர்பைன் இன்ஜின் வந்த பிறகும் இந்தப் பேச்சு எதற்கு? பழைய பிஸ்டன் இன்ஜின்களை ஒழித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மத்திகிரிக்காரர்

நியாயமான கேள்வி. சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கென்றே ஒரு மருந்து விமானம் இருந்தது: இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் எச்.ஏ.-31 'பசந்த்'. இறுதி வடிவம் 1972 மார்ச் 30 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1980-இல் உற்பத்தி நிற்கும் வரை 39 விமானங்கள் செய்யப்பட்டன. அதிலிருந்தது லைகமிங் ஐஓ-720 என்ற எட்டு சிலிண்டர், 400 குதிரைத்திறன் இன்ஜின். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வகை இன்ஜின் ஒன்றைப் பிரித்து அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன், மேசையே போதவில்லை.

பிஸ்டன் இன்ஜின் மருந்து விமானத்தில் படும் பாடு தனி. சாதாரண விமானம் ஒருமுறை ஏறினால் இரண்டு மணி நேரம் சீராகப் பறக்கும். மருந்து விமானமோ ஒரு நாளில் பல பத்து முறை நிறைபாரத்துடன் முழு விசையில் ஏறி, தெளித்து, திரும்பி, இறங்கி, நிரப்பிக்கொண்டு மறுபடியும் ஏறுகிறது. வேகம் குறைவு என்பதால் சிலிண்டருக்குக் கிடைக்கும் குளிர்காற்றும் குறைவு. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதால் சிலிண்டர் தலையில் விரிசல், வால்வு ஒட்டிக்கொள்ளுதல் எல்லாம் வரும். மண் ஓடுதளத்துப் புழுதி காற்று வடிகட்டியை அடைக்கும். கார்பரேட்டர் வகை இன்ஜினாக இருந்தால் மற்றோர் ஆபத்தும் உண்டு: எரிபொருள் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் குறையும், மூடுபனி பிடித்த ஓசூர்க் காலைப்பொழுது போன்ற ஈரக்காற்றில் குறுகலான இடத்தில் பனிக்கட்டி படிந்து இன்ஜின் மூச்சுத் திணறும். மார்கழியில் நாம் போர்த்திக்கொள்கிறோம், அதற்கும் சூடு காட்ட வேண்டும். பசந்தின் இன்ஜின் எரிபொருளைப் பீய்ச்சும் வகை. அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி. காற்றை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜர் இல்லாத பிஸ்டன் இன்ஜின் ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு வீதம் திறனை இழக்கும். சித்திரை வெயிலில் காற்று இன்னும் மெலியும். இன்ஜின் பழுதாகாமலேயே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆனால் நான் கண்ட வரையில் இன்ஜினை நிறுத்துவது பெரும்பாலும் இன்ஜினே அன்று. அதற்குள் போகும் எரிபொருள்தான். ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். எந்த ஊர், யாருடைய விமானம் என்பது வேண்டாம். வயலோரத் தற்காலிக ஓடுதளம். பாதி காலியான டிரம்மில் இரவு முழுவதும் பெட்ரோல் இருந்தது. டிரம்மின் வெற்றிடத்தில் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து உட்சுவரில் வியர்த்து, நீராகக் கீழே இறங்கும். அதனால்தான் ஷாமி என்ற மெல்லிய தோல் வழியாக வடிகட்டி ஊற்ற வேண்டும் என்பது எங்கள் பழக்கம். அன்று அவசரத்தில் தோலைத் தேடவில்லை. பறப்பதற்கு முன் டேங்க்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். அதையும் ஒரு பையன் பார்த்துவிட்டு "தெளிவாக இருக்கிறது" என்றான். தெளிவாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து உயர்தர விமானப் பெட்ரோல் பச்சை நிறம். குவளையில் இருந்ததோ நிறமே இல்லாத திரவம். அதாவது குவளை முழுவதும் தண்ணீர். பெட்ரோலும் நீரும் சேர்ந்திருந்தால் அடியில் முத்துப்போல உருளும் நீரைக் கண் கண்டுபிடித்துவிடும். முழுக்க நீராக இருந்தால் கோடே தெரியாது. நிறம் பார், முகர்ந்து பார், விரலில் தேய்த்துப் பார் என்று அன்றைக்கு எங்கள் மேஸ்திரி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளையாக விமானி தானும் ஒருமுறை பிடித்துப் பார்க்கும் வழக்கமுள்ளவர்.

டர்பைன் பற்றி: ஆம், பிடி6 வகை டர்பைன் வந்த பிறகு நம்பகம் வெகுவாக உயர்ந்தது. இன்றைய ஏர் டிராக்டர் 802 விமானம் அதை நம்பித்தான் மூவாயிரம் லிட்டர் சுமக்கிறது. ஆனால் பிடி6-இல் எரிபொருளை அளந்து விடும் கட்டுப்பாட்டுக் கருவி, அமுக்கப்பட்ட காற்றின் அழுத்தத்தை ஒரு சிறு குழாய் வழியாக உணர்ந்துதான் வேலை செய்கிறது. அந்தக் குழாயில் விரிசலோ, இணைப்பில் தளர்வோ ஏற்பட்டால் இன்ஜின் நிற்காது; விசை இறங்கி, வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். விமானிக்கு இரண்டும் ஒன்றே. மருந்தின் உப்பும் கந்தகமும் டர்பைன் இதழ்களை அரிக்கும். காற்றை அமுக்கும் கம்ப்ரஸரைக் கழுவாமல் விட்டால் அங்கும் படிவு சேரும். நம்பகம் உயர்ந்தது, பாரமும் கூடவே உயர்ந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

தேன்கனிக்கோட்டை

விளக்கத்துக்கு நன்றி. டர்பைன் பற்றிய என் அவசரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மருந்து தெளிக்கும்போதுதான் ஆபத்து உச்சம் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் அல்லவா? நான்கு மீட்டர் உயரத்தில் நின்றுபோனால் என்ன செய்ய முடியும்?

மத்திகிரிக்காரர்

அங்கேதான் நான் மாறுபடுகிறேன். தெளிக்கும் ஓட்டத்தில் உயரம் இல்லை. ஆனால் வேகம் முழுவதும் கையில் இருக்கிறது. அதை உயரமாகவோ தூரமாகவோ மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அச்சம் தருவது வயலின் கடைசியில் வரும் திருப்பம். விமானி மேலே இழுத்து, ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் வளைத்து, அடுத்த வரிசைக்குத் திரும்புகிறார். அந்த வளைவின் உச்சியில் வேகத்தைச் செலவழித்தாகிவிட்டது. உயரமும் அறுபது எழுபது மீட்டர்தான். தொட்டியும் நிறைந்திருக்கலாம். அந்த இடத்தில் இன்ஜின் நின்றால் வேகம், உயரம் என்ற இரண்டு பைகளும் காலி.

வாத்தியார் ஐயாவுக்கு எண்கள் பிடிக்கும். நேராகப் பறக்கையில் எந்த வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடுமோ, அந்த ஸ்டால் வேகம் 45 டிகிரி சாய்வில் 19 விழுக்காடும், 60 டிகிரி சாய்வில் 41 விழுக்காடும் கூடுகிறது. எடை ஒன்றரை மடங்கானால் அது தனியாக 22 விழுக்காடு கூட்டும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொண்ட 130 கிலோமீட்டர் போதவே போதாது. அப்போதுதான் ஓர் இறக்கை முதலில் விட்டு, விமானம் பக்கவாட்டில் சுழன்று மூக்கால் இறங்குகிறது. நீங்கள் படித்த அறிக்கைகளில் இன்ஜின் நின்றது முதல் வரியில் இருக்கும். ஆளைக் கொன்றது பெரும்பாலும் மூன்றாம் வரியில், ஓடுதளத்துக்குத் திரும்பிவிடலாம் என்று வளைத்த இடத்தில் இருக்கும்.

பாலக்கோடு வாத்தியார்

மிகவும் நன்றி ஐயா. நீங்கள் சொன்ன பிறகு என்னிடமுள்ள அறிக்கைகளை மறுபடியும் புரட்டினேன். "திரும்ப முயன்றபோது" என்ற சொற்றொடர் மூன்றாம் வரியில் இல்லாவிட்டாலும் நான்காம் வரியில் நிற்கிறது.

ஒரு துணைக் கேள்வி. அந்தத் திருப்பத்தில் இன்ஜின் நின்றால் முதலில், வேகத்தைக் காக்க மூக்கைத் தாழ்த்துவதா, மருந்தைக் கொட்டுவதா?

மத்திகிரிக்காரர்

இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் வேலை. வலக்கை விமானத்தை ஓட்டும் கட்டைப்பிடியில், இடக்கை கொட்டும் நெம்புகோலில். கீழ்க்கதவு திறந்தால் சில விநாடிகளில் தொட்டி காலியாகும். மின்விசையோ மோட்டாரோ தேவைப்படாத நேரடி நெம்புகோல் அது. ஒரே எச்சரிக்கை, எடை திடீரென்று குறையும்போது மூக்கு தானாக மேலே எழும்பப் பார்க்கும். பழகாத கை அதை விட்டுவிட்டால் மிஞ்சியிருக்கும் வேகமும் போய்விடும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

பெரியவர்கள் பேசுமிடத்தில் ஒரு விவசாயியின் ஐயம். கொட்டுவது சரி. எங்கே கொட்டுவது? எங்கள் பக்கம் தென்பெண்ணை ஓடுகிறது, கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, நான்கு தோப்புக்கு ஓர் ஏரி இருக்கிறது. ஐந்நூறு லிட்டர் மருந்து ஏரியில் விழுந்தால் மீனும் போகும், மாடும் போகும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததன் கதை நமக்குத் தெரியும்; 2011-இல் உச்சநீதிமன்றம் தடை விதித்த பிறகும் அங்குள்ள குடும்பங்களின் துயரம் முடியவில்லை. வான்வழித் தெளிப்பு என்றாலே எனக்கு இன்ஜினுக்கு முன்னால் அதுதான் நினைவுக்கு வருகிறது.

மற்றொன்று. இறங்க இடம் காலடியில் இருக்கிறது என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். எங்கள் நிலத்தை ஒருமுறை வந்து பாருங்கள் ஐயா. மாமரம் முப்பது அடிக்கு ஒன்று. கேழ்வரகுக் கொல்லை சமமாகத் தெரியும், நடுவில் குண்டுக்கல் இருக்கும். கைப்பிடிச் சுவரே இல்லாத திறந்த கிணறு பத்து ஏக்கருக்கு இரண்டாவது உண்டு. மோட்டார்க் கொட்டகைக்குப் போகும் கம்பி தொங்கும் தொங்கலில் எருமை நிமிர்ந்தால் இடிக்கும்.

மத்திகிரிக்காரர்

மறுக்க ஒன்றும் இல்லை. உயிர் போகும் நேரத்தில் விமானி ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அதைத் தரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். எந்தத் திசையில் ஓட்டம், எந்தப் பக்கம் திருப்பம் என்பதை, திருப்பம் ஏரிக்கும் ஊருக்கும் மேலே வராதபடி முன்னதாக வகுக்கலாம். நல்ல விமானிகள் தெளிப்பதற்கு முன் வயலை உயரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு வரிசையின் முனையிலும் "இங்கே நின்றால் அங்கே" என்று இடம் குறித்துக்கொள்வார்கள். உழுத நிலமானால் படைச்சாலின் போக்கிலேயே இறங்க வேண்டும்; குறுக்கே இறங்கினால் சக்கரம் தட்டிக் கவிழும். தோப்பைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், மர உச்சியையே தரையாகக் கொண்டு, ஆகக் குறைந்த வேகத்தில், இறக்கை மட்டமாக இருக்கும்படி அதன் மேல் உட்கார வைப்பது என்பது பழைய பாடம். விமானம் போகும், ஆள் பிழைக்க வாய்ப்புண்டு.

ஆள் பிழைக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட விமானங்கள் இவை. 1921 ஆகஸ்ட் 3 அன்று ஓஹியோவின் டிராய் நகரருகே முதன்முதலாக மருந்து தூவியது, போர்க்காலத்துப் பழைய கர்ட்டிஸ் விமானம். அதன்பின் முப்பது ஆண்டுகள் அதுபோன்ற மாற்றியமைத்த விமானங்களே பெரும்பாலும் பறந்தன. டெக்சாஸில் ஃபிரெட் வீக் என்ற பொறியாளர் வடிவமைத்து 1950 டிசம்பரில் பறந்த ஏஜி-1 அதை மாற்றியது. தொட்டி முன்னால், விமானி பின்னால், உயரத்தில். நொறுங்கினால் முதலில் இன்ஜினும் அடுத்துத் தொட்டியும் அடி வாங்கிக்கொள்ளும். இருக்கையைச் சுற்றி உறுதியான குழாய்க்கூண்டு. அவரே பின்னர் வடிவமைத்த பைப்பர் பானியிலும் இதே அடுக்கு. ஆனால் அதில் எரிபொருள் டேங்க்கைத் தொட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே வைத்துவிட்டார்கள். மோதினால் தீப்பிடிக்கும் ஆபத்து தெரிந்த பிறகு, 1970-களில் வந்த 'டி' வடிவத்தில் இறக்கைக்கு மாற்றினார்கள்.

அரூர் டிரோன்

எல்லோருக்கும் வணக்கம். நான் டிரோன் இயக்குவதற்கான சான்றிதழ் பெற்று, அரூர் வட்டாரத்தில் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் மருந்து அடித்து வருகிறேன். விமானம் நம் ஊருக்கு வரப்போவதில்லை, ஆனால் டிரோன் வந்துவிட்டது. அதனால் என் அனுபவத்தையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

போன ஆண்டு, ஆறு மோட்டார் உள்ள பத்து லிட்டர் டிரோன் ஒன்று மரவள்ளிக் கொல்லையில் என் கண் முன்னே விழுந்தது. தொட்டியில் எட்டு லிட்டர் இருந்தது. ஒரு மோட்டார் நின்றதும் லேசாகச் சாய்ந்தது, சுற்றத் தொடங்கியது, மூன்று விநாடிக்குள் தரையில் இருந்தது. யாருக்கும் அடியில்லை, விழுந்த இடத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு இலை கருகிப்போனது. டிரோனை வாடகைக்குக் கொடுத்தவர்கள் நான் தவறாக இயக்கியதாகவே சொன்னார்கள். வீட்டில், நின்றுபோன மோட்டாரைத் தாங்கும் டிரோன் கையைக் கழற்றிப் பார்த்தோம். மோட்டாருக்குப் போகும் செம்புக் கம்பியின் முனையில், பழைய பித்தளைக் குடத்தின் கழுத்தில் ஏறுமே, அதே பச்சைக் களிம்பு. தெளித்த மருந்தின் ஈரம் உள்ளே போய்ப் பல வாரமாக அரித்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தொட்டியைக் கழுவினோமே தவிர, கைகளின் இணைப்பை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தவில்லை. அந்தத் தவறு என்னுடையதுதான்.

நான்கு மோட்டார் டிரோனில் ஒன்று நின்றால் விழுவது ஏறக்குறைய உறுதி. ஆறில் ஒன்று நின்றால், எதிரே உள்ளதும் சமநிலைக்காக அடங்கிவிட, மிச்சம் நான்கும் ஒன்றரை மடங்கு சுமக்க வேண்டியிருக்கிறது. தொட்டி பாதியாக இருந்தால் தாங்கி இறங்கும் வாய்ப்பு உண்டு, நிறைந்திருந்தால் இல்லை. மத்திகிரி ஐயா திருப்பத்தைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. டிரோனில் மருந்தைக் கொட்டும் நெம்புகோலும் கிடையாது.

மத்திகிரிக்காரர்

அம்மா, களிம்பைத் தேடிப் பார்த்தீர்களே, அது பெரிது. எங்கள் பட்டறையில் பலர் பார்க்காமல் இன்ஜினைக் குறை சொல்வார்கள். இணைப்புகளை நாள்தோறும் கழற்ற வேண்டாம், அதுவே தளர்வை உண்டாக்கும். துடைத்து, உலர்த்தி, இழுத்துப் பார்த்தால் போதும். வாரம் ஒருமுறை திறந்து நிறம் பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை

இருபத்தைந்து கிலோவுக்குள் இருக்கும் டிரோனையும் இரண்டு டன் விமானத்தையும் ஒரே தட்டில் வைப்பது சற்று மிகை என்று நினைக்கிறேன். டிரோனில் ஆள் இல்லை என்பதே அடிப்படை வேறுபாடு.

அரூர் டிரோன்

மேலே ஆள் இல்லை, சரிதான். கீழே களை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வரப்பில் நின்று பார்க்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பாலக்கோடு வாத்தியார்

என் முதல் பதிவில் ஒரு திருத்தம். 90 மீட்டர் என்று நான் எழுதியது நேர்ப்பறப்புக்கும் வெறுந்தொட்டிக்கும் உரிய கணக்கு. மத்திகிரி ஐயா தந்த எண்களை வைத்து மறுபடியும் போட்டேன். வெறுந்தொட்டியில் ஸ்டால் வேகம் 100 கிலோமீட்டர் என்றால், ஒன்றரை மடங்கு எடையில் அது 122. அதோடு 45 டிகிரி சாய்ந்தால் ஏறத்தாழ 145. மருந்தைக் கொட்டிவிட்டு இறக்கையை மட்டமாக்கினால் மறுபடியும் 100. இந்த 45 கிலோமீட்டர் வேறுபாடுதான் விமானி கையிலிருக்கும் உண்மையான சேமிப்பு என்று இப்போது புரிகிறது. காலடியில் வயல் இருக்கிறது என்று எழுதியதையும் திரும்பப் பெறுகிறேன்; கிணறுகளை மறந்துவிட்டேன்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

தை மாதம் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சிக்கு எனக்கும் டிரோன் வைத்து அடிக்க வேண்டும். அரூர் சகோதரி எங்கள் பக்கம் வருவீர்களா? தோப்பு ஆறு ஏக்கர், எல்லாம் பெங்களூரா மரம். இரண்டு கிணறு இருக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கிறேன். கம்பி போகும் கம்பத்துக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். அன்றைக்குத் தோப்புக்குள் ஆள் வைக்க மாட்டேன்.

அரூர் டிரோன்

வருகிறேன் அண்ணா. மரம் உயரம் என்பதால் தொட்டியில் ஐந்து லிட்டருக்கு மேல் நிரப்ப மாட்டேன். நடை இரட்டிப்பாகும், பேட்டரியும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். நேரம் கூடும் என்று பிறகு கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்து இறங்கியதும் முதலில் உங்களுடன் தோப்பை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு இருந்தால் நல்லது.